அண்ணன் ரிட்டயர் ஆவதற்குள்

திண்டுக்கல் பக்கம் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆட்டு வியாபாரி தராசைத் தேடுவதில்லை. ஆட்டின் இடுப்பில் கைவைத்து ஓர் அழுத்து அழுத்துவார், லேசாகத் தூக்கிப் பார்ப்பார், "பன்னெண்டு கிலோ விழும்" என்பார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், "தூக்கினா தெரியாதா?" என்று முடித்துக்கொள்வார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததில் பாதி கையில் இருக்கிறது, வாயில் இல்லை.

இந்த வியாபாரியைப் போன்ற ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் பல வருஷமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறவர், தக்காளி மண்டிக் கணக்குப்பிள்ளை, கூட்டுறவுச் சங்கச் செயலாளர், திண்டுக்கல் மொத்தக்கடையில் பில் போடும் அக்கா. "சிஸ்டத்த மாத்தப் போறோம், நீ பக்கத்துல இருந்து பார்த்துக்க" என்று ஒருநாள் முதலாளி யாராவது ஓர் இளைஞரைக் கைகாட்டுவார். அவர் பி.காம். முடித்து இரண்டு வருஷம் டேலி பார்த்தவராக இருக்கலாம், பி.சி.ஏ. முடித்து மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அந்த இளைஞர் நீங்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அனுபவஸ்தருக்கு, அண்ணன் என்று வைத்துக்கொள்வோம், தெரிந்ததை மென்பொருளாக்கும் இந்த வேலையில் நிரல் எழுதுவது சுலபமான பகுதி. விதிகளை அண்ணனே சொல்லிவிடுவார். விதிவிலக்குகளை நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். அவர் ரிட்டயர் ஆவதற்குள் எடுக்க வேண்டும்.

பக்கத்துச் சங்கத்தைப் பாருங்கள்

தூரத்து உதாரணம் தேவையில்லை. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கதை 1904இல் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் பதிவான சங்கத்தோடு தொடங்குகிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக நாள்வழியும் பேரேடுமாக ஓடிய இந்த வகைச் சங்கங்களை நாடு முழுக்க ஒரே மென்பொருளில் கொண்டுவர, 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 63,000 சங்கங்கள், ரூ.2,516 கோடி. நபார்டு வழியாக வேலை நடக்கிறது.

கம்ப்யூட்டர் வாங்கலாம், இணைப்பு கொடுக்கலாம், பழைய பேரேட்டைத் தட்டச்சு செய்ய ஆள் போடலாம். செயலாளர் தலைக்குள் இருப்பதை யார் தட்டச்சு செய்வது?

2021இன் நகைக்கடன் தள்ளுபடியை நினைத்துப் பாருங்கள். கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடன் தள்ளுபடி என்று அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது, நவம்பரில் அரசாணை வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. அதில் முக்கியமானது, கணக்கு ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. ஒரு குடும்பம் மொத்தமாக 5 பவுனுக்கு மேல் வைத்திருந்தால் கிடையாது. சங்கத்துப் பேரேடோ உறுப்பினர் எண்ணை வைத்து நடக்கிறது. இந்த எண்ணும் அந்த எண்ணும் மாமியார் மருமகள், ஒரே அடுப்பு என்று பேரேட்டுக்குத் தெரியாது, செயலாளருக்குத் தெரியும். அதனால்தான் குடும்ப அட்டை, ஆதார் என்று விவரம் வாங்கி ஊர் ஊராகச் சரிபார்க்க வேண்டி வந்தது.

இதில் வேலைக்கு ஆகும் சேதி ஒன்று உண்டு. செயலாளரிடம் போய் "கடன் கொடுக்கும் முறையைச் சொல்லுங்க" என்று கேட்டால், விண்ணப்பம், சிட்டா, அடங்கல், ஜாமீன், பட்டுவாடா என்று வரிசையாகச் சொல்வார். அதெல்லாம் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. "ஒரே வீட்டுல ரெண்டு பேர் வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டால்தான் குடும்பம் என்ற கட்டம் மென்பொருளில் வேண்டும் என்பது வெளியே வரும். அந்தக் கட்டத்தை முதலிலேயே வைத்துவிட்டால் அடுத்த தள்ளுபடி வரும்போது பாதி வேலை மிச்சம்.

வட்டம் போட்ட சீட்டு

அய்யலூரில் சந்தை வியாழக்கிழமை என்றால், தக்காளி தினசரி. நான் பார்த்த ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை எழுதும் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. விவசாயி பெயர், பெட்டி எத்தனை, பெட்டி 14 கிலோ, விலை, கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, முன்பணப் பிடித்தம், கைக்கு வரும் தொகை. மென்பொருள் எழுத வந்த பையன் இதையெல்லாம் அழகாக ஒரு படிவமாகப் போட்டு வைத்திருந்தான். சில சீட்டுகளில் மட்டும் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்ன வட்டம் இருந்தது.

"அண்ணே, இந்த வட்டம் என்ன?"

"அதா? ஒண்ணுமில்ல தம்பி. இன்னைக்குப் பிடிக்காதேன்னு."

"எதப் பிடிக்கக் கூடாது?"

"முன்பணத்தத்தான். வீட்டுல காதுகுத்து வச்சிருக்காரு. இன்னைக்குப் பிடிச்சோம்னா நாளைக்கு அடுத்த கடையில இறக்கிருவாரு."

"முதலாளி சொன்னாரா?"

"இதுக்கெல்லாம் சொல்லணுமாக்கும்?"

"ஒண்ணுமில்ல" என்று அண்ணன் ஆரம்பித்தார் பாருங்கள், அந்த இடத்தில்தான் பேனாவைத் திறக்க வேண்டும். பையனின் படிவத்தில் முன்பணம் பாக்கி இருந்தால் ஒவ்வொரு சீட்டிலும் தானாகக் கழிந்துவிடும். காதுகுத்து வைத்தவர் கையில் அன்றைக்குச் சொற்பமாகத்தான் காசு நிற்கும். அடுத்த நாள் அவர் வண்டி வேறு மண்டியில் நிற்கும். வருஷக்கணக்கில் பழகிய வாடிக்கை போய்விடும், மென்பொருள் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது, அது சொன்னதைத்தான் செய்தது.

சரி, வட்டத்தை எப்படி மென்பொருளாக்குவது? "இன்று பிடிக்க வேண்டாம்" என்று ஒரு பொத்தான் வைத்தால் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை. யார் அந்தப் பொத்தானை அழுத்தலாம்? கணக்குப்பிள்ளை லீவில் போனால்? ஒருவருக்கு எத்தனை தடவை தொடர்ந்து விடலாம்? விட்டதெல்லாம் மாதக் கடைசியில் எந்தப் பட்டியலில் வரும்? முழுக்கப் பிடிக்காமல் பாதி பிடிக்கும் வழக்கம் உண்டா? இந்தக் கேள்விகளை அண்ணனிடமும் முதலாளியிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் வேறு வேறாக வரும். முதலாளி "மூணு தடவைக்கு மேல விடமாட்டோம்" என்பார். அண்ணனின் சீட்டுக்கட்டைப் புரட்டினால் ஏழெட்டு வட்டம் வாங்கியவர்கள் இருப்பார்கள். அங்கே நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, எது நடக்க வேண்டும் என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். பல வியாபாரங்களில் இப்படி ஒரு பேச்சு நடப்பதே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எதைக் கேட்பது, எப்போது கேட்பது

மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தது போல் ஆகிவிடும், அவரும் புத்தகத்தில் உள்ளதைத்தான் ஒப்பிப்பார். முதல் இரண்டு மூன்று நாள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். நெருக்கடியான நேரமாகப் பார்த்து உட்காருங்கள்: சங்கம் என்றால் பயிர்க்கடன் பட்டுவாடா சமயம், ஆலை என்றால் சம்பள நாளுக்கு முந்தின நாள், மண்டி என்றால் வரத்து கொட்டும் மாதம். அமைதியான நாளில் எல்லாரும் விதிப்படிதான் வேலை செய்வார்கள். நெருக்கடி நாளில் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் டீ குடிக்கும்போது கேளுங்கள்.

அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 1980களில் தீயணைப்புப் படை அதிகாரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயப் போனார். இது நல்லதா, அது நல்லதா என்று அவர்கள் பெரும்பாலும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் "இது அந்த மாதிரி" என்று அடையாளம் கண்டு இறங்கிவிடுகிறார்கள். அதனால் பொதுவாகக் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லி, அதிலேயே திரும்பத் திரும்பப் போய்க் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. நமக்கும் அதே வழிதான். எனக்குப் பலன் தந்த கேள்விகள் சில:

"நீங்க லீவுல போனா ஆபீஸ்ல இருந்து எதக் கேட்டு போன் வரும்?" இதைவிடச் சிறந்த கேள்வி எனக்குத் தெரியாது. அந்த போன்களின் பட்டியல்தான் எழுதப்படாத விதிப்புத்தகம்.

"கடைசியா எப்பக் கணக்கு இடிச்சுது? எங்க கண்டுபிடிச்சீங்க?"

"புதுசா வர்ற ஆளு மொதல்ல எதுல தப்பு விடுவாங்க?"

"எந்த பார்ட்டி பில்ல மட்டும் ரெண்டு தடவ பார்ப்பீங்க?"

கேள்வி கேட்காமலே பதில் சொல்லும் பொருள்களும் அந்த மேசையில் இருக்கும். கண்ணாடிக்கு அடியில் செருகிய துண்டுச்சீட்டு, தினசரி காலண்டரில் சிவப்பு மையில் சுழித்த தேதி, நோட்டின் கடைசிப் பக்கம், கம்ப்யூட்டரில் அவர் தனியாக வைத்திருக்கும் எக்செல் கோப்பு. அந்த எக்செல் கோப்பு இருக்கிறதே, பழைய மென்பொருளால் முடியாததையெல்லாம் அவர் அங்கேதான் செய்துகொண்டிருப்பார். அதை விட்டுவிட்டுப் புது மென்பொருள் கட்டினால் பழைய குறைகளையே புதுப் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள்.

பழைய மென்பொருளின் தரவையும் ஒருமுறை மேலிருந்து கீழே உருட்டிப் பாருங்கள். முகவரியின் மூன்றாவது வரியில் "செக் வாங்காதே" என்று இருக்கும். பேக்ஸ் எண் கட்டத்தில் யாருடைய சிபாரிசு என்று பெயர் இருக்கும். வைக்க இடமில்லாத உண்மைகள் கிடைத்த கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. தரவு மாற்றும் ஆள் இதையெல்லாம் குப்பை என்று துடைத்துவிடுவான். துடைப்பதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இன்னொரு உத்தி, கொஞ்சம் குறும்பானது. சொல்லத் தெரியாதவர்களுக்கும் திருத்தத் தெரியும். புரிந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, "இப்படித்தானே அண்ணே?" என்று நீட்டுங்கள். சந்தேகமுள்ள இடங்களில் துணிந்து ஒரு பக்கம் சாய்த்து எழுதுங்கள். "இது யாரு சொன்னா உனக்கு?" என்று ஆரம்பிப்பார் பாருங்கள், அரை மணி நேரத்தில் ஒரு மாதப் பேட்டியில் வராதது வந்துவிடும்.

இப்படித் தோண்டி எடுத்ததை அப்படியே விதிகளாக்கிய கதையும் உண்டு. அமெரிக்காவில் கேம்பல் சூப் கம்பெனியில் ஆல்டோ சிமினோ என்று ஒருவர் இருந்தார். டின்களை வேகவைத்துக் கிருமி நீக்கும் பல மாடி உயர இயந்திரங்கள் எங்கே பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவம், ரிட்டயர் ஆகும் வயசு. 1980களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆட்கள் அவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, இந்த வெப்பநிலை இப்படி ஏறினால் அந்த வால்வைப் பார் என்ற ரீதியில் அவர் அறிவை விதிகளாக எழுதி ஒரு மென்பொருள் ஆக்கினார்கள். அப்போது அது பெரிய செய்தி. ஒரு வரம்புக்குட்பட்ட இயந்திரம் என்பதால் அது சாத்தியப்பட்டது. மண்டியில் மனுஷர்கள் இருக்கிறார்கள், அங்கே எல்லாவற்றையும் விதியாக்க முடியாது. சில இடத்தில் மென்பொருள் ஒதுங்கி நின்று "இதை நீங்களே முடிவு செய்யுங்கள், காரணத்தை மட்டும் எழுதுங்கள்" என்று கேட்பதுதான் சரி.

அவர் ஏன் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. இருபது வருஷம் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நின்றவரிடம் போய், உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுங்கள் என்கிறோம். கொட்டியபிறகு தன் இடம் என்ன என்று அவருக்குப் பயம் இருக்காதா? பயம் நியாயமானது. அதை உங்கள் இனிய பேச்சால் தீர்க்க முடியாது, நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும். வேலையை ஏற்கும் முன்பே முதலாளியிடம் பேசி, புது சிஸ்டத்தில் அண்ணனின் பொறுப்பு என்ன என்பதை அவர் வாயாலேயே அண்ணனிடம் சொல்லவையுங்கள். இறுதி ஒப்புதல் அவருடையதாக இருக்கட்டும். எழுதும் ஆவணத்தில் அவர் பெயர் முதலில் வரட்டும். ரிட்டயர் ஆன பிறகும் ஆறு மாதம் ஆலோசகராகச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்ணன் இல்லாமல் ஒரு வாரம் கணக்கு நின்றால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் ஒன்றுமே இல்லை.

பேச்சைப் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் ஒருநாள் தெரிந்துபோகும், அதோடு எல்லாம் முடிந்தது.

தோண்டும்போது வேண்டாததும் வரும். சில வட்டங்கள் கருணை, சில வட்டங்கள் களவு. தெரிந்தவருக்கு மட்டும் எடையில் சலுகை, பில் இல்லாத சரக்கு, ஒரே ஆளுக்கு இரண்டு கடன். இதையெல்லாம் "வழக்கம்" என்று மென்பொருளில் ஏற்றிவிடாதீர்கள். நீங்களே துப்பறியும் அதிகாரி ஆகிவிடவும் வேண்டாம். "இப்படி ஒரு நடைமுறை இருக்கிறது, புது சிஸ்டத்தில் இது வராது, எழுத்தில் வேண்டுமென்றால் யார் கையெழுத்துப் போடுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் போட மாட்டார்கள்.

அப்பா சொன்னார், மகன் எழுதினார்

நம் ஊரில் கணக்கு மென்பொருள் என்றாலே டேலி. அது பிறந்த கதை இந்த வேலைக்கு நல்ல பாடம். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, ஆலைகளுக்குக் கச்சாப் பொருளும் இயந்திர உதிரிகளும் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காததால் கணிதம் படித்த மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986இல் கம்பெனி தொடங்கியது. அன்றைய கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். டேலியில் பார்ட்டியின் பெயரை அடித்தால் போதும். வியாபாரி கணக்கை எப்படி நினைக்கிறாரோ அப்படியே மென்பொருளும் இருந்தது. தெரிந்தவரும் எழுதுபவரும் ஒரே வீட்டில் இருந்ததால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் தூரமே இல்லை. உங்களுக்கு அந்த வசதி கிடையாது, அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் ஸ்டூல்.

பழையதை அணைக்கும் நாள்

"பழைய சாப்ட்வேர் கோட் இருக்கே, அதப் பார்த்து எழுதிடலாமே" என்பார்கள். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: ஒரு நிரலின் உயிர் அதை எழுதியவர்களின் மனதில் இருக்கும் புரிதலில்தான் இருக்கிறது, அவர்கள் போய்விட்டால் கோட் இருந்தும் பயனில்லை என்பது அவர் வாதம். 2020 ஏப்ரலில், கொரோனாவில் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அன்றைய ஆளுநர் பில் மர்பி, கோபோல் (COBOL) என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். கோபோலில் எழுதியவர்களில் பலர் எப்போதோ ரிட்டயர் ஆகியிருந்தார்கள்.

பழையதை ஒரே ராத்திரியில் அணைத்துப் புதியதைப் போடும் ஆசை எல்லா முதலாளிக்கும் உண்டு. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புது அமைப்புக்கு மாற்றியது. திங்கட்கிழமை 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்ட்.

ஆகவே இரண்டும் சேர்ந்து ஓடட்டும். சங்கம் என்றால் ஒரு மாதக் கடைசி, ஒரு காலாண்டு வட்டிக் கணக்காவது இரண்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆலைச் சம்பளம் என்றால் போனஸ் மாதம் உள்ளே வர வேண்டும், சாதாரண மாதத்தை வைத்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாமல் முதலில் ரசீது, அப்புறம் இருப்பு, கடைசியில் கடன் என்று பிரித்து மாற்றலாம். இதற்கு உங்களிடம் ஒரு சீட்டுக்கட்டு தயாராக இருக்க வேண்டும்: பழைய நடவடிக்கைகளில் நேரானது கொஞ்சம், கோணலானது நிறைய. பாதிக் கடன் கட்டியவர், இறந்தவர் பெயரில் உள்ள நகை, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காதுகுத்து வைத்தவர். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை என்ன என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். புது மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இந்தக் கட்டில் தேற வேண்டும்.

இரண்டு கணக்கும் இடித்தால் யார் தப்பு? பிரிட்டன் தபால் துறையில் 1999இல் வந்த ஹொரைசன் மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது. மென்பொருள் பொய் சொல்லாது என்று நிர்வாகம் நம்பியது. கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் 900க்கும் மேற்பட்டோர் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. "என் கணக்கு சரி, உங்க கம்ப்யூட்டர்தான் தப்பா காட்டுது" என்று மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் சொன்னால், முதலில் கம்ப்யூட்டரைச் சோதியுங்கள்.

விதியை நிரலுக்குள் புதைக்காமல் மாற்றக்கூடிய பட்டியலாக வெளியே வையுங்கள் என்பதற்கு ரயில்வே முன்பதிவைச் சொல்லலாம். 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்கப் பரவிய இந்த அமைப்பில் விதவிதமான கோட்டாக்களும் சலுகைகளும் ஏறின. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. 120 நாள் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆனது. 120 என்ற எண்ணை நிரலின் பத்து இடத்தில் எழுதி வைத்தவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஒரு விதி சொன்னால் அடுத்த கேள்வி, "இது கடைசியா எப்ப மாறுச்சு?" அடிக்கடி மாறுவது பட்டியலுக்குப் போகட்டும்.

இதில் பிழைப்பு உண்டா?

உண்டு. பிசினஸ் அனலிஸ்ட், இம்ப்ளிமென்டேஷன் கன்சல்டன்ட், ஈ.ஆர்.பி. செயல்பாட்டு ஆலோசகர் என்று பெயர்கள் பல, வேலை ஒன்றுதான். சென்னைக்குப் போனால்தான் என்றில்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்து ஜோஹோ உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலை, தோல், பூட்டு, பூ, காய்கறி என்று இத்தனை தொழில் இருக்கும்போது, ஒரு தொழிலின் கணக்கை அடிவரை தெரிந்த ஆளுக்கு வேலை தேடி வரும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இப்போது செயற்கை நுண்ணறிவும் எழுதுகிறது. பென்சில் வட்டத்தின் அர்த்தம் அதற்குத் தெரியாது, யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும். பதிவு செய்த பேச்சை எழுத்தாக்க அதைப் பயன்படுத்துங்கள், நல்ல உதவி. ஆனால் கடன்காரர் பெயர், ஆதார் எண் இருக்கும் தாளை ஏதோ ஓர் இலவசத் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

படிக்க வேண்டியது அதிகமில்லை. இரட்டைப் பதிவுக் கணக்கு அத்துப்படியாக வேண்டும். தரவுத்தளத்தில் எஸ்.க்யூ.எல். கேள்வி எழுதத் தெரிய வேண்டும், பழைய தரவை உருட்டிப் பார்க்க அது போதும். நிபந்தனை ஒரு பக்கம், முடிவு ஒரு பக்கம் என்று கட்டம் போட்டு எழுதப் பழகுங்கள். தெளிவாகத் தமிழில் ஒரு பக்கம் எழுத வர வேண்டும், ஏனென்றால் படித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அண்ணன். ஆங்கிலத்தில் அறுபது பக்கம் எழுதிக் கொடுத்தால் படிக்காமலே போடுவார், அந்தக் கையெழுத்தால் யாருக்கும் பயனில்லை.

அனுபவம் இல்லை என்றால் சொந்தக்காரர் கடையில் ஆரம்பியுங்கள். சித்தப்பா மளிகைக் கடையோ மாமா லாரி புக்கிங்கோ எதுவானாலும் சரி, அங்கே இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதப்படாத விதிகளை நாலு பக்கமாக எழுதுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். சான்றிதழ் கோப்பைவிட அந்த நாலு பக்கத்தை அதிக நேரம் புரட்டுவார்கள்.

தனியாகத் தொழில் எடுத்துச் செய்வதாக இருந்தால் கொட்டேஷனில் "பக்கத்தில் உட்காரும் நாள்கள்" என்பதைத் தனி வரியாக, தனித் தொகையோடு போடுங்கள். "இதெல்லாம் எதுக்கு, நேரா சாப்ட்வேரப் போடுங்க" என்று அந்த வரியை வாடிக்கையாளர் அடிப்பார். அடிக்கட்டும், சண்டை வேண்டாம். மென்பொருள் ஓட ஆரம்பித்த பிறகு வரும் முதல் மூன்று மாதப் பராமரிப்புத் தொகையை மட்டும் இரண்டு மடங்காக்கி, ஏன் கூடியது என்ற காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். பாதிப் பேர் பழைய வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்வார்கள்.